பலகையில் ஒரு காலி இடம்

வினிகரில் ஊறப்போட்டால் துரு போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். போகும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வினிகருக்குத் துரு எது, நல்ல இரும்பு எது என்று தெரியாது. இரண்டையும் தின்றுவிடும். உங்கள் மேசை மேலிருக்கும் அந்தக் கத்தரிக்கோலைப் பாருங்கள், திருகாணியைச் சுற்றிச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. இந்தப் பக்கத்து மழைக்கு அப்படித்தான் ஆகும். ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டிருந்தால் அது இன்னும் முப்பது வருஷம் உழைக்கும். வீட்டில் யாருமே சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். கோடாலியைப் பற்றிக் கேட்டீர்கள், கோடாலியைப் பற்றித்தான் சொல்கிறேன். என் மனைவி சுன்னிவா எங்கே என்றும் கேட்டீர்கள். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நேற்றுச் சொன்னேன். அதற்கும் வருகிறேன். எதையும் வரிசையாகச் செய்தால்தான் எனக்கு ஓடும். ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: சுன்னிவா மனம் நோகக் கூடாது. அவ்வளவுதான் நான் நினைத்தது. ஆரம்பத்திலிருந்து அதை மட்டும்தான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் பழைய பால்பண்ணைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்தால் மனைவி கையில் திட்டு வாங்குகிறவர்கள். செத்துப்போனவர்கள் வீட்டுக் கொட்டகைகளிலிருந்து வரும் உளி, இழைப்புளி, ரம்பம், கோடாலி எல்லாவற்றையும் துரு நீக்கிச் சுத்தம் செய்வோம். வேலை பாதி, காபி பாதி. ஒட்முன் வாஃபிள் சுட்டுக்கொண்டு வருவான். படகுத்துறையிலிருந்து கார்களை ஏற்றிப்போகிற படகில் முப்பது வருஷம் இயந்திரம் ஓட்டியவன். வாய் ஓயாது. ஒரு சிரிப்பு கிடைத்தால் அதை ஊர் முழுக்க பத்து தடவை சொல்லி முடித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவான்.

அவனுக்கு ஒரு பெரிய காந்தம் இருந்தது. கயிற்றில் கட்டி நீரில் எறிந்து, அடியில் கிடக்கிற இரும்பையெல்லாம் இழுத்துக்கொண்டு வருவான். போன வாரம் செவ்வாய்க்கிழமை, கரிய சேறு அப்பிய ஒரு கட்டியைச் செய்தித்தாள் மேல் வைத்தான்.

“யோவ் அஸ்லாக், இது உன் பண்ணைக்கு மேல இருக்குதே, அந்தக் கருங்குளத்துல கிடைச்சுது. என்னன்னு சொல்லு பார்ப்போம். சொல்லிட்டா ரெண்டு வாஃபிள் சேத்து.”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அலகின் கீழ் மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சேற்றுக்குள்ளேயும் அது தெரிந்தது. ஏதோ கோடாலி என்று மட்டும் சொன்னேன். இரண்டு வாஃபிளும் கொடுத்தான். சாப்பிட்டேன்.

அப்புறம் அவன் கிரைண்டரை எடுத்தான். கம்பிச் சக்கரம் மாட்டிய கிரைண்டர். அது துருவை மட்டுமா எடுக்கும்? மேல்தோல், முத்திரை, ஆயுதத்தை அடித்த கொல்லனின் சுத்தியல் தடம் எல்லாவற்றையும் உரித்து, கடைசியில் சாப்பாட்டுக் கரண்டி போல ஒரு பளபளப்பை விட்டுவிட்டுப் போகும்.

“தள்ளுய்யா, ரெண்டே நிமிஷம். கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன், நீ இதுலயே முகம் பாத்து ஷேவ் பண்ணிக்கலாம்.”

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். வேண்டாம் என்றேன். இப்படிச் செய்தால் நல்ல இரும்பைக் கொன்றுவிடுவாய் என்றேன். அதை என்னிடம் கொடு, மெதுவாகச் செய்கிறேன் என்றேன்.

நீங்கள் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நானும் அந்த இடத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிமிஷம் அவனை விட்டிருந்தால் முத்திரையும் அதன் கீழிருந்த வருஷ எண்ணும் போயிருக்கும். அது யார் கோடாலி என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒட்முன் இன்றைக்கும் எங்கேயாவது நின்று அதே சிரிப்பைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பான். ஆனால் இரும்பை அப்படி நடத்துவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

முத்திரை என்றால் உங்களைப் போன்ற டவுன்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குறி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் வந்தது. எங்கள் குறி இரண்டு நேர்கோடு, குறுக்கே ஒரு சாய்கோடு. பண்ணையை எடுத்துக்கொள்கிற மூத்த மகன் அதை அப்படியே வைத்துக்கொள்வான். இளையவன் கீழே ஒரு சின்னக் கோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். என் கருவிகள் எல்லாவற்றிலும் அந்தச் சின்னக் கோடு இருக்கிறது. பண்ணை என் கைக்கு வந்த பிறகும் நான் அதை அராவி எடுக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூத்தவன் ஸ்டைனார். என் அண்ணன். அப்பா போய் பண்ணை அவன் கைக்கு வந்ததும் ஒரு புதுக் கோடாலி அடித்து வாங்கினான். பண்ணைக் குறி, கீழே எண்பத்தாறு என்று வருஷம். நல்ல கோடாலி, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அவன் அதை என்ன செய்தான் தெரியுமா? வெட்டுமரத்தில் குத்திவிட்டு மழையில் விட்டுவிட்டுப் போவான். ஒவ்வொரு தடவையும் நான்தான் எடுத்துவந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, கொட்டகைப் பலகையில் மாட்டுவேன். அந்தப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். எது எங்கே போகவேண்டும் என்று குருடனுக்குக்கூடத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

அடுத்த வருஷம் வசந்தத்தில் அவனுக்கும் சுன்னிவாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒருநாள் காலை மழை விட்டதும் வெளியே வந்தேன். கோடாலி வெட்டுமரத்தில் நின்றது, அலகு முழுக்க மஞ்சள் துரு. அண்ணன் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். எதிர்த் தீவுக்கு வேலிக்கழி வெட்டப் போகிறானாம்.

“அண்ணே, இதைப் பாரு. ஒரே ராத்திரில இப்படி ஆயிருக்கு” என்றேன்.

“துருதானேடா. உசிரா போச்சு?” என்று சிரித்தான். அப்புறம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “இந்தா பாரு அஸ்லாக், கல்யாணத்துக்கப்புறம் நீ டவுன்ல ஒரு வேலை தேடிக்கோ. ஒரே வீட்ல ரெண்டு ஆம்பளை எதுக்கு? சுன்னிவாவே சொல்லிச் சிரிக்கிறா, உன் தம்பி நாய்க்குட்டியாட்டம் என் பின்னாடியே சுத்துறான்னு.”

சுன்னிவா அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள். பின்னாளில் அவளிடம் கேட்கவுமில்லை. கேட்க அவசியம் இருக்கவில்லை.

நான் கோபக்காரன் இல்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கும் கோடாலிக்காகத்தான் செய்தேன். முதல் வெட்டு அவன் தோளில் விழுந்தது. அது என் பிசகு. துருப்பிடித்த அலகு பிடித்துக்கொண்டு நின்றது, அவன் முழங்காலிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். “டேய்” என்று மட்டும் சொன்னான். கோடாலியைப் பிடுங்க ஒரு காலை அவன் முதுகில் ஊன்ற வேண்டியிருந்தது. இரண்டாவது கழுத்தில். மூன்றாவது தேவையே இல்லை, ஆனால் போட்டேன். கூர் மட்டும் இருந்திருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும், அவனும் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கமாட்டான். கருவியை ஒழுங்காக வைக்காதவன் அனுபவிப்பது அப்படித்தான்.

அவனைப் படகில் கிடத்தி, நங்கூரத்தோடு சேர்த்துக் கட்டி, என் சின்னப் படகைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு மலைக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற அந்த ஃபியோர்டின் மத்திக்குப் போனேன். அவன் படகின் அடித்துளையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கிவிட்டு என் படகில் ஏறிக்கொண்டேன். அங்கே நானூறு மீட்டர் ஆழம். திரும்பி வந்து பார்த்தால் கோடாலி வெட்டுமரத்தில் நான் குத்தி வைத்தபடியே நிற்கிறது. அதைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். என்னைப் போன்றவன் மறப்பதா என்று வெட்கமாக இருந்தது.

ஊர் போலீஸ் அதிகாரி கொட்டகைக்கு வந்து பலகையைப் பார்த்தார். காலியாக இருந்த கோட்டைப் பார்த்துக் கோடாலி எங்கே என்றார். அண்ணன் தீவுக்கு எடுத்துப்போனான் என்றேன். எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு வாரமும் ஃபியோர்டில் தேடுகிற படகுகள்தான், ஒட்முன்னும் ஒன்றில் இருந்தான். கடல் பக்கம் போகமுடியாது. காம்பை அடுப்பில் எரித்தேன், மரம் இரத்தத்தைக் குடித்துவிடும், கழுவினாலும் போகாது. இரும்பைப் பண்ணைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற கருங்குளத்தில் போட்டேன். அடியில் மூன்று ஆள் ஆழத்துக்குச் சேறு. அந்தச் சேற்றுக்குள் காற்றுப் போகாது, அதனால் இரும்பு கெடாது. அப்போது எனக்கு அது தெரியாது.

சுன்னிவா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் படகுத்துறையில் வந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டு வருஷம் கொடுத்தேன். அப்புறம் கல்யாணம் செய்துகொண்டோம். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை உட்காருவதை அவள் விடவில்லை, நானும் காபி கொடுப்பதை விடவில்லை. பலகையில் அந்தக் காலி இடத்தில் வேறு ஏதாவது மாட்டலாம் என்று ஒருதடவை சொன்னேன். “வேணாம், அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கோட்டுக்குள் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். மற்றபடி எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. முப்பத்தொரு வருஷம் நிம்மதியாக இருந்தோம்.

சரி, கோடாலிக்கு வருவோம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. கார் பேட்டரி சார்ஜரின் ஒரு கம்பியை வேண்டாத இரும்புத் துண்டில் மாட்டி இறக்க வேண்டும், இன்னொன்றைக் கருவியில் மாட்ட வேண்டும். மின்சாரம் ஓடினால் சின்னச் சின்னக் குமிழி வரும், சிவப்பு கறுப்பாக மாறும், பிரஷ்ஷால் தொட்டாலே உதிரும். நல்ல இரும்பில் ஒரு தூசி குறையாது. எங்கள் வழக்கப்படி குளத்தில் கிடைத்தது குழுவுக்குச் சொந்தம், பால்பண்ணையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் அங்கேயே தொட்டியில் இறக்கினேன். அடுத்த செவ்வாய்க்குள் ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எண்ணம்.

புதன்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். அந்த இரண்டு கம்பியையும் இடம் மாற்றி மாட்டினால் போதும். துருவுக்குப் பதிலாகக் கோடாலியே கரைய ஆரம்பிக்கும், முத்திரை ஒரே நாளில் போய்விடும். கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீருக்குள் அலகு தெரிந்தது. அடித்த புதிதில் இருந்த அதே வளைவு. பழையபடியே மாட்டிவிட்டு, ஒரு ஸ்பூன் சோடா கூடுதலாகப் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் கொட்டகை வாசலில் ஒட்முன் வந்து நின்றான். கையில் செய்தித்தாள் பொட்டலம், முகமெல்லாம் சிரிப்பு. அவனிடமும் பால்பண்ணைச் சாவி இருக்கிறது.

“பொறுக்கல, எடுத்துப் பிரஷ் போட்டுட்டேன். பாரு யார்துன்னு! உங்க குறி! எண்பத்தாறு! ஸ்டைனாரோட கோடாலிய்யா இது!”

முத்திரை அவ்வளவு தெளிவாக இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். நான் செய்த வேலை அது.

“ஆனா ஒண்ணு பாரு, அன்னிக்கு அவன் கோடாலியை எடுத்துக்கிட்டு தீவுக்குப் போனான்னு தானே சொன்னாங்க? ரெண்டு வாரம் கடல்ல தேடுனோமே. கடல்ல விழுந்தது மலைமேல குளத்துக்கு எப்படிய்யா வந்துச்சு? நீந்தியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவனுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், செத்தவனைப் பற்றி இல்லாததைச் சொல்லக் கூடாது. அவனுக்கு அது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் அதையும் பத்து இடத்தில் சொல்வான். அந்தப் பத்தில் யாராவது ஒருவர் சிரிக்காமல் யோசிப்பார்.

“ஒரு காம்பு போட்டுக் குடுய்யா. சுன்னிவா கையில நானே கொண்டு குடுக்கறேன். அழுதுடுவா பாரேன். அவ எங்கே, உள்ளேயா?”

சுன்னிவா கடைக்குப் போயிருந்தாள். அதுவரை காம்பு போடலாம் என்றேன். காய்ந்த பர்ச் மரக் காம்பு ஒன்று தயாராக இருந்தது. ஒரு மணி நேரம் வேலை. அவன் இரும்பைப் பிடித்துக்கொண்டான், நான் இழைத்து இறுக்கினேன், ஆப்பு அடித்தேன். அலகைச் சாணைக்கல்லில் பிடித்தேன். பேசிக்கொண்டே இருந்தோம். அவன் பேத்தி நீச்சல் கற்றுக்கொள்வதைப் பற்றிச் சொன்னான். நல்ல மனுஷன், எனக்கு அவனைப் பிடிக்கும்.

காம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, வீசிப் பார்ப்பதுதான். அவன் ஃபிளாஸ்கிலிருந்து இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றான். “சர்க்கரை வேணுமா ஒனக்கு?” என்றான். பின்மண்டையில் ஒரே வெட்டு. காது வரைக்கும் இறங்கியது. கோப்பைகள் விழவில்லை, அவன்தான் விழுந்தான். கொஞ்ச நேரம் குதிகால் தரையில் அடித்துக்கொண்டிருந்தது, நின்றது. காம்பு அசையவே இல்லை.

தோலுரித்த இரும்பில் உப்பு பட்டால் பத்தே நிமிஷத்தில் துரு ஏறும். இரத்தத்தில் உப்பு நிறைய. அதனால் முதலில் கோடாலியைத்தான் கவனித்தேன். வெந்நீர், துணி, அடுப்புச் சூட்டில் காய வைத்தல், எண்ணெய். காம்புக்கு ஏற்கெனவே நன்றாக எண்ணெய் ஊட்டியிருந்தேன், போன தடவை போலக் குடிக்கவில்லை. அப்புறம் ஒட்முன்னை டிராக்டர் வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோனேன். மரத்தூளைக் கூட்டி எரித்தேன். அவனுடைய காபியைக் கொட்டினேன், என்னுடையதைக் குடித்தேன். அவன் வருவதற்கு முன்னால் பால்பண்ணைக் கரும்பலகையில் “கோடாலி அஸ்லாக் வீட்டுக்குப் போகிறது” என்று எழுதிவிட்டு வந்திருக்கிறான். அது எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்துத்தானே நீங்கள் வந்தீர்கள்.

கையில் கோடாலி சுத்தமாக இருந்தது. எதிரே பலகை. நான் எதையும் யோசிக்கவில்லை. சுத்தம் செய்த கருவியை அதனிடத்தில் மாட்டுவது என் கைக்குப் பழக்கம். கோட்டுக்குள் அது அச்சாக உட்கார்ந்தது. இவ்வளவு வருஷம் அந்தக் காலி இடம் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலு மணிக்கு சுன்னிவா என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தாள். ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேக வைத்திருந்தாள், அவள் கம்பளிச் சட்டையில் அந்த வாசனை இருந்தது. வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். நேரே பலகைக்குப் போய் முத்திரையை விரலால் தடவினாள்.

“கடல்ல போச்சுன்னு சொன்னியே.”

நான் கருவி விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். “குளத்துல கிடைச்சுது” என்று வாயில் வந்துவிட்டது.

“எந்தக் குளம்?”

“மேல இருக்கறது.”

முத்திரையிலிருந்து விரலை எடுக்காமலேயே, “முப்பத்துமூணு வருஷமா நான் தப்பான தண்ணியையா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்?” என்றாள். தப்பான தண்ணி இல்லை, அவன் கடலில்தான் இருக்கிறான் என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் கோடாலியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். வீட்டில் போன் இருக்கிறது. அலகு வெளிப்பக்கம் பார்த்திருந்தது, கையை வெட்டிக்கொள்வாள் என்று பயந்தேன். கொடு என்றேன். கொடுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு விரல் ஒடிந்தது, அவள் கத்தவில்லை. இந்த வயதில் அவளுக்கு இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் மனம் நோகக் கூடாது என்பதுதான் என் எண்ணம், அது ஏற்கெனவே நொந்துவிட்டது. இனி அது தொடர விடுவது நியாயமில்லை என்று பட்டது. அலகு நல்ல கூராக இருந்தது. அண்ணனுக்குப் போல இல்லை, ஒன்றோடு முடிந்தது.

குளத்தின் வடகரையில் ஒரு ஆல்டர் மரம் தண்ணீர்மேல் சாய்ந்திருக்கும். உங்கள் முக்குளிப்பவர்களை அங்கே இறங்கச் சொல்லுங்கள், ஒட்முன்னும் சுன்னிவாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அந்தச் சேறு எதையும் கெடவிடாது. கோடாலியை நீங்கள் பலகையிலிருந்து எடுத்தபோது, இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். வெள்ளிக்கிழமை அதை நான் இரண்டு தடவை துடைத்தேன். உறையில் ஈரம் இல்லாமல் வையுங்கள்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள், அவள் கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று. சொன்னாள். நான் கையை ஓங்கியபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கதவு வழியாகத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி “ஸ்டைனார்” என்று கூப்பிட்டாள். வயதாகிவிட்டால் எல்லாருக்கும் பெயர்கள் குழம்பிப்போகும். என்னைத்தான் கூப்பிட்டாள்.